ஃபானெஸ்: மலைக்குள் ஒளிந்த மாய ராஜ்ஜியமும் லடின் மக்களின் கோரிக்கையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கின்றன டோலோமைட் மலைகள். அந்தப் பள்ளத்தாக்குகளில் லடின் என்ற சிறு மொழியைப் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஃபானெஸ் என்ற மாய ராஜ்ஜியத்தின் கதை உண்டு. நூறாண்டு பழைய அரசியல் கோரிக்கை ஒன்றும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, 'தேவதைகளின் நாடு சுதந்திரம் கேட்கிறதாமே?' என்று கேட்பவர்கள் ஏராளம். பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஃபானெஸ் என்று ஒரு நாடு உண்மையிலேயே இருந்ததா?

இல்லை. ஃபானெஸ் என்ற இடம் உண்டு, நாடு கிடையாது. பதியா பள்ளத்தாக்குக்கும் கோர்த்தினா நகரத்துக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் பாறை நிலம் அது. பெரிய ஃபானெஸ், சின்ன ஃபானெஸ் என இரண்டு மேய்ச்சல் வெளிகள். 1980 முதல் அந்தப் பகுதி இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. கோடையில் மாடுகள் மேயும், குளிர்காலத்தில் பனி மூடும். அரண்மனையின் ஒரு செங்கல்கூட அங்கே கிடைத்ததில்லை.

தேவதைகளாவது உண்டா?

கதைகளில் நிறைய. லடின் கிராமங்களில் தேவதை என்றால் சிறகு வைத்த சின்னப் பெண் இல்லை. கானெ என்ற பெண்கள் தண்ணீரும் பாறையும் சேரும் இடத்தில் வாழ்பவர்கள். நீர்நிலைக் கன்னிமார் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். பக்கத்துப் பகுதிகளில் இவர்களுக்கு அங்குவானா என்று பெயர். ஆண்கள் சல்வான், காட்டு மனிதர்கள், உடம்பெல்லாம் ரோமம், சாதுவானவர்கள். குளிர் தாங்காமல் விவசாயி வீட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கானெ ஒருத்தி மனிதனைக் கட்டிக்கொண்டால் கூடவே ஒரு நிபந்தனையும் வரும். கணவன் என்றாவது ஒருநாள் மறந்து அதை மீறுவான், அவள் போய்விடுவாள். பெரும்பாலும் பிள்ளைகளை விட்டுவிட்டு.

ஃபானெஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாக என்றால் கஷ்டம், முயல்கிறேன்.

ஃபானெஸ் அரச குலத்தின் மூதாய் மொல்தீனா. தாயை இழந்த குழந்தை. ஓர் அங்குவானா அவளை எடுத்து, மார்மோட் என்னும் மலைப் பிராணிகளுக்கு நடுவே வளர்த்தாள். பின்னாளில் அவளை ஓர் இளவரசன் மணந்துகொண்டு போனான். போன இடத்தில் மாமியார், 'உன் குலம் எது, நாடு எது?' என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். மொல்தீனாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. தூரத்தில் அவள் வளர்ந்த மலையும் அவளோடு சேர்ந்து சிவந்தது. க்ரோதா ரோஸ்ஸா, அதாவது சிவந்த பாறை என்ற அந்த மலை இன்றும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

தலைமுறைகள் கழிந்தன. அந்த வம்சத்து அரசி ஒருத்தி வெளிநாட்டான் ஒருவனை மணந்தாள். தன் குலத்துக்கும் மார்மோட்டுகளுக்கும் உள்ள உறவைச் சொன்னால் சிரிப்பானோ என்று மறைத்துவிட்டாள். அவனோ அக்கம்பக்கத்து நாடுகள் மேல் கண் வைத்தவன். வலிமையான கூட்டாளி வேண்டுமென்று கழுகுகளின் அரசனோடு ஒப்பந்தம் போட்டான்: பிறக்கும் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைக் கழுகுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறந்தவை இரண்டும் பெண், லுயாந்தா, தோலசில்லா. அரசி சும்மா இருக்கவில்லை. லுயாந்தாவை ரகசியமாக மார்மோட்டுகளிடம் அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒரு வெள்ளை மார்மோட் குட்டியை வாங்கித் தொட்டிலில் போட்டாள்.

தோலசில்லா வில்லாளியாக வளர்ந்தாள். குள்ளர்களின் பொக்கிஷத்தைத் தந்தை பறித்தபோது அவள் திருப்பிக் கொடுக்க, அவர்கள் மனம் குளிர்ந்து அவளுக்கு ஒரு வெள்ளைக் கவசத்தைக் கொடுத்தார்கள். அது நிறம் கறுத்த நாளில் போருக்குப் போகாதே என்ற எச்சரிக்கையும் உண்டு. வெள்ளி ஏரியின் நாணலில் செய்த அவள் அம்புகள் குறி தப்பாதவை. அவள் நெற்றியில் ஒளிரும் ராயெத்தா மணியை ஒரு காலத்தில் வைத்திருந்தவன் ஸ்பீனா தெ முல், கோவேறு கழுதையின் எலும்புக்கூட்டுக்குள் புகுந்து திரியும் மந்திரவாதி. அவனிடமிருந்து அதைப் பறித்து, சிறுமியாக இருந்த அவளுக்குக் கொடுத்தவன் எய் தெ நெத். பெயருக்கு 'இரவின் கண்' என்று பொருள். வளர்ந்தபின் அவள் கேடயத்தைத் தாங்கியவனும் அவன்தான். காதலும் அங்கேதான் வந்தது. அரசன் அனுமதிக்கவில்லை. வெல்லும் மகள் கல்யாணமாகிப் போய்விட்டால் யார் போர் செய்வது?

கடைசியில் அந்த அரசன் அவுரோனா என்ற நிலத்தடிப் பொக்கிஷத்துக்கு ஆசைப்பட்டுத் தன் நாட்டையே எதிரிகளிடம் விற்றான். எய் தெ நெத் விரட்டப்பட்டான். போருக்கு முன் ஒரு நாள் பதின்மூன்று குழந்தைகள் வந்து தோலசில்லாவிடம் ஆளுக்கோர் அம்பு கேட்டார்கள். கொடுத்தாள். எல்லாம் அந்த மந்திரவாதியின் வேலை. மறுநாள் கவசம் கறுத்திருந்தது. அவள் போனாள். அவள் கொடுத்த அம்புகளே அவளைக் கொன்றன. பரிசை எதிர்பார்த்து மலை விளிம்பில் நின்ற அரசன் கல்லானான். மிஞ்சிய ஃபானெஸ் மக்களை மார்மோட்டுகள் தங்கள் வளைகளுக்குள் இழுத்துக்கொண்டன. ஒரு நாள் வெள்ளி எக்காளங்கள் ஒலிக்கும், அன்று ஃபானெஸ் மறுபடியும் எழும் என்பது கதையின் நம்பிக்கை.

எல்லாரும் தோலசில்லாவின் போரைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, கதையின் முடிச்சு அரசியின் வெட்கத்தில் இருக்கிறது. மார்மோட் உறவைக் கணவனிடம் அவள் முதல் நாளே சொல்லியிருந்தால் அவன் கழுகைத் தேடிப் போயிருப்பானா?

மார்மோட் என்றால் என்ன? கற்பனைப் பிராணியா?

நிஜப் பிராணிதான். அணில் குடும்பத்தில் பெரியது, நன்றாகக் கொழுத்தால் பூனையைவிடக் கனக்கும். கூட்டமாக வளை தோண்டி வாழும், வருடத்தில் பாதிக்கும் மேலாகத் தூங்கும். ஆபத்து என்றால் பின்னங்கால்களில் நின்று விசில் அடிக்கும். அதன் முக்கிய எதிரி பொன்னிறக் கழுகு. கதையில் மார்மோட்டோடு கழுகு மோதுவது சும்மா வந்ததில்லை.

அரசன் கல்லான இடத்தைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பஸ்ஸிலேயே போகலாம். கோர்த்தினாவிலிருந்து மேற்கே ஏறும் சாலையில் 2,105 மீட்டர் உயரத்தில் ஃபல்ட்ஸாரெகோ கணவாய் வரும். 'ஃபால்சா ரேகோ', அதாவது பொய் அரசன் என்பதே இந்தப் பெயரானது என்று ஊர் சொல்லும். மொழியியல்காரர்கள் ஒப்புவதில்லை, ஆனால் கீழே நின்று லாகட்ஸுவோய் மலை விளிம்பைப் பார்த்தால், கிரீடமும் தாடியுமாக ஒரு முகம் உங்களுக்கும் தெரிந்துவிடும். யாராவது ஒருவர் விரலை நீட்டிக் காட்டியபின் அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

மேலே போக ரோப் கார் உண்டு. அங்கே போனால் கதை வேறு திசைக்குத் திரும்பும். 2,700 மீட்டரைத் தாண்டி நிற்கும் இந்த மலைக்குள் நிஜமாகவே சுரங்கங்கள் இருக்கின்றன. தோண்டியவை மார்மோட்டுகள் இல்லை, முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள். 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் ஒரே மலையில் மேலும் கீழுமாக உட்கார்ந்துகொண்டு, ஒருவர் காலடியில் இன்னொருவர் வெடிமருந்து வைத்தார்கள். எதிரே தெரியும் கோல் தி லானாவின் உச்சியை 1916 ஏப்ரலில் இத்தாலியர்கள் அப்படியே வெடித்துத் தகர்த்தார்கள். உச்சியில் இருந்த குழி இன்றும் ஆறவில்லை. இறங்கும்போது ரோப் காரை விட்டுவிட்டு, தலையில் விளக்கும் ஹெல்மெட்டுமாக அந்தச் சுரங்கத்தின் வழியே நடந்து வரலாம். சுவர் ஈரம், படிகள் செங்குத்து. அங்கங்கே பாறையில் குடைந்த ஓட்டை வழியாகச் சாலை மட்டும் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும்.

போர் முனை லடின் ஊர்களின் நட்டநடுவே போனது. லிவினல்லோங்கோவின் தலைமை ஊர் 1915-லேயே எரிந்துபோனது.

கதை எவ்வளவு பழையது? எழுதியது யார்?

இங்கேதான் சிக்கல். இன்று நாம் படிக்கும் ஃபானெஸ் காவியம் பெரும்பாலும் கார்ல் ஃபீலிக்ஸ் வோல்ஃப் என்ற போல்சானோ பத்திரிகையாளர் ஜெர்மன் மொழியில் தொகுத்தது. அவரது டோலோமைட் கதைத் தொகுப்பு 1913-ல் முதலில் வந்தது. பிறகு வாழ்நாள் முழுக்க அதைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். கிராமத்துக் கிழவர்கள் சொன்ன துண்டு துணுக்குகளை வைத்துக்கொண்டு, இடைவெளிகளைத் தன் கற்பனையால் நிரப்பினார். எது பாட்டி சொன்னது, எது வோல்ஃப் ஒட்டியது என்று பிரித்தெடுப்பதே பிற்பாடு ஆய்வாளர்களின் வேலையாகிவிட்டது.

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. இரட்டைக் குழந்தையை விலங்குக்கு மாற்றிக்கொடுப்பது, தாய்வழி அரசு போன்ற துணுக்குகள் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்தவை என்று பலர் கருதுகிறார்கள். வெண்கலக் கால நினைவு என்று ஆண்டு சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன். பதியா பள்ளத்தாக்கில் சோத்சாஸ்தெல் என்ற இடத்தில் வெண்கலக் கால ஊர் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஊரிலிருந்து தோலசில்லாவுக்கு நேராகப் பாதை போட முடியாது.

ஒரு கொசுறு: ஃபானெஸை ஒட்டிய கொந்தூரினெஸ் மலையில், 2,800 மீட்டர் உயரத்துக் குகை ஒன்றில், 1987-ல் குகைக் கரடியின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கரடி. அறிவியலாளர்கள் அதற்கு லடின் மக்களின் பெயரையே வைத்துவிட்டார்கள்: உர்சுஸ் லடினிக்குஸ். நாடு கிடைக்காவிட்டாலும் கரடி கிடைத்தது.

லடின் மக்கள் யார்?

கி.மு. 15-ல் ரோமானியர்கள் ஆல்ப்ஸைப் பிடித்தார்கள். அங்கிருந்த பழங்குடிகளின் நாவில் லத்தீன் கலந்து வந்த மொழிகளில் ஒன்று லடின். சுவிட்சர்லாந்தின் ரொமான்ஷும் கிழக்கே உள்ள ஃபிரியூலியனும் இதன் உறவு மொழிகள். வடக்கிலிருந்து ஜெர்மனும் தெற்கிலிருந்து இத்தாலியனும் நெருக்க நெருக்க, செல்லா மலைத்தொகுதியைச் சுற்றியுள்ள ஐந்து பள்ளத்தாக்குகளில் இது மிஞ்சியது: கார்தேனா, பதியா, ஃபாசா, ஃபோடோம், அம்பெட்ஸோ. ஃபோடோம்தான் மேலே சொன்ன லிவினல்லோங்கோ. அம்பெட்ஸோ என்பது கோர்த்தினா. 1956-லும் 2026-லும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். எல்லாருமாகச் சேர்ந்து சுமார் 30,000 பேர் பேசுவார்கள்.

இந்த முப்பதாயிரம் பேருக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. நன்றி சொல்லிப் பாருங்கள்: பதியாவில் 'ஜூலான்', மலையைத் தாண்டிக் கார்தேனா போனால் 'தே க்ரா', ஃபாசாவில் 'தெதெல்பாய்'. ஐந்துக்கும் பொதுவாக ஓர் எழுத்து லடினை 1980-களின் இறுதியிலிருந்து உருவாக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் பள்ளத்தாக்குப் பேச்சை விட்டுவிட்டு யாரோ அறையில் உட்கார்ந்து செய்த மொழியில் எழுதுவதா என்று முணுமுணுப்பு கிளம்ப, அது பரவலாக வேர் பிடிக்கவில்லை.

சரி, இவர்கள் தனிநாடு கேட்கிறார்களா?

இல்லை. லடின் மக்களின் முதன்மைக் கோரிக்கை என்றுமே தனிநாடாக இருந்ததில்லை. அவர்கள் கேட்பது அதைவிடச் சின்னது, ஒரு வகையில் அதைவிடப் பிடிவாதமானது: 'எங்களை ஒரே கூரைக்குக் கீழே வையுங்கள்.'

முதல் உலகப் போர் முடியும்வரை ஐந்து பள்ளத்தாக்குகளும் ஆஸ்திரியாவின் திரோல் மாகாணத்தில்தான் இருந்தன. அம்பெட்ஸோகூட 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கேதான். 1919-ல் சான் ஜெர்மேன் ஒப்பந்தம் எல்லையைப் பிரென்னர் கணவாய்க்கு ஏற்றி, இவர்களை இத்தாலியிடம் கொடுத்தது. யாரும் இவர்களைக் கேட்கவில்லை. 1920 மே 5 அன்று பள்ளத்தாக்குப் பிரதிநிதிகள் கார்தேனா கணவாயில் கூடித் தங்கள் கொடியை ஏற்றினார்கள். இத்தாலிய அரசின் பார்வையில் லடின் ஒரு மொழியே இல்லை, இத்தாலியனின் மலைப்பேச்சு. நாங்கள் இத்தாலியர்கள் இல்லை, தனி மக்கள் என்பதுதான் அன்றைய முழக்கம். திரோலோடு இருக்கவே விரும்பினார்கள்.

பாசிச ஆட்சி வந்தது. 1923-ல் அம்பெட்ஸோவையும் ஃபோடோமையும் கோல்லே சான்தா லுச்சியா என்ற ஊரையும் பெல்லூனோ மாகாணத்தோடு சேர்த்தார்கள். 1927-ல் போல்சானோ தனி மாகாணமானபோது கார்தேனாவும் பதியாவும் அங்கே போயின. ஃபாசா திரெந்தோவில் நின்றுவிட்டது. ஐந்து பள்ளத்தாக்கு, மூன்று மாகாணம். முசோலினி போனார், போட்ட கோடு போகவில்லை.

1946 ஜூலை 14 அன்று செல்லா கணவாயில் ஆயிரக்கணக்கான லடின் மக்கள் திரண்டு அந்தக் கோடுகளை அழிக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 5-ல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பாரிஸில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. ஜெர்மன் பேசுவோரின் உரிமைகள் அதில் இருந்தன. லடின் என்ற சொல்லே இல்லை.

அப்படியானால் 'சுதந்திரம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

பக்கத்து வீட்டிலிருந்து. போல்சானோ மாகாணத்தில், அதாவது தென் திரோலில், பெரும்பான்மை ஜெர்மன் பேசுபவர்கள். இத்தாலியிலிருந்து பிரிய வேண்டும் என்ற குரல் அவர்களில் ஒரு பகுதியினருடையது. 1961 ஜூன் 11 இரவு ஒரே நேரத்தில் 37 மின்கோபுரங்களைக் குண்டு வைத்துச் சாய்த்தார்கள். 'நெருப்பு இரவு' என்று இன்றும் பேசுகிறார்கள். அதன் பிறகு பேச்சுவார்த்தை நீண்டு, 1972-ல் விரிவான தன்னாட்சி வந்தது. மாகாணத்தில் வசூலாகும் வரியில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயே தங்குகிறது. பிரிவினைக் கட்சிகள் இன்னும் தேர்தலில் நிற்கின்றன, சில இடங்களும் பிடிக்கின்றன. பெரும்பான்மை இல்லை.

தென் திரோலின் லடின் மக்கள், 2011 கணக்கெடுப்புப்படி மாகாணத்தில் 4.53 சதவீதம், இந்தச் சண்டையில் பெரும்பாலும் ஜெர்மன் பேசுவோர் பக்கமே சாய்ந்து நின்றார்கள். கழுகோடு கூட்டணியா என்று கேட்காதீர்கள். அந்தக் கிண்டலை அங்குள்ளவர்களே செய்துவிட்டார்கள் என்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மூன்று மாகாணமாகப் பிரிந்திருப்பதால் அன்றாடத்தில் என்ன கெட்டுவிட்டது?

ஒரே பாட்டியின் மூன்று பேரப்பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பதியாவில் படிப்பவனுக்கு 1948 முதல் நடைமுறையில் உள்ள முறை: பாதிப் பாடம் ஜெர்மனில், பாதி இத்தாலியனில், லடின் தனிப் பாடமாக வாரத்துக்குச் சில மணி நேரம். ஊர்ப் பலகையில் பெயர் மூன்று மொழியில் இருக்கும்: சான் மார்த்தின் தெ தோர், சாங்க்ட் மார்த்தின் இன் துர்ன், சான் மார்த்தினோ இன் பதியா. எல்லாம் ஒரே ஊர்தான், தபால்காரர் குழம்புவதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அரசு வேலை வேண்டுமென்றால் மூன்று மொழியிலும் தேர்வெழுத வேண்டும். அந்த ஊரிலேயே லடின் மொழிக்கான ஆய்வு நிறுவனமும், மேலே கோட்டையில் அருங்காட்சியகமும் உண்டு.

ஃபாசாவில் படிக்கும் பேத்திக்கு இதில் ஓரளவு கிடைக்கும். திரெந்தோவும் தன்னாட்சி மாகாணம்தான்.

கோர்த்தினாவில் இருக்கும் மூன்றாவது பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. பெல்லூனோ இருப்பது வெனெட்டோ என்ற சாதாரணப் பிராந்தியத்தில். சிறுபான்மை மொழிகளுக்கான 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டம்தான் கைக்குக் கிடைத்த கருவி. அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தச் சட்டம் வந்ததும் பெல்லூனோவின் மற்ற பல ஊர்களும் 'நாங்களும் லடின்தான்' என்று கையைத் தூக்கின. பழைய திரோல் லடின் மக்களுக்கு இதில் கடுப்பு. 'நேற்றுவரை எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்!' என்பது அவர்கள் வாதம். மொழியியல்படி பார்த்தால் அந்த ஊர்ப் பேச்சுகளும் லடினுக்கு ரொம்ப நெருக்கமானவை என்பது எதிர்த் தரப்பு வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

2007 வாக்கெடுப்பில் என்ன நடந்தது?

அக்டோபர் 28, 29 தேதிகளில் கோர்த்தினா, லிவினல்லோங்கோ, கோல்லே சான்தா லுச்சியா மூன்று ஊரிலும் வாக்கெடுப்பு. வெனெட்டோவை விட்டுவிட்டுத் தன்னாட்சிப் பக்கம் போகலாமா என்பது கேள்வி. இத்தாலிய அரசியல் சாசனத்தின் 132ஆம் பிரிவு இதற்கு வழி விடுகிறது. வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் 'போகலாம்' என்றார்கள்.

அதோடு சரி. மக்கள் சொன்னபிறகு பார்லிமென்ட் சட்டம் இயற்ற வேண்டும். இன்றுவரை இயற்றவில்லை.

ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

காரணம் பாதி பணம். கோர்த்தினா பணக்காரச் சுற்றுலா நகரம். அதை இழக்க வெனெட்டோவுக்கு மனம் வராது. ஒன்றைப் போக விட்டால் எல்லையோரத்து ஏழை மலைக் கிராமங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும் என்ற பயமும் உண்டு. எதிர்ப்பவர்கள் நேராகவே கேட்கிறார்கள்: இது பண்பாடா, மானியமா? என் கணிப்பில் இரண்டும்தான். மானியத்தின் மேலும் ஆசை இருப்பதால் பண்பாடு பொய்யாகிவிடாது. 1920-ல் கொடி ஏற்றியவர்களுக்கு எந்த மானியமும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. சப்பாதா என்ற ஜெர்மன் பேச்சுக் கிராமம் இதே பெல்லூனோவில் இருந்தது. 2008-ல் வாக்களித்தது, 2017-ல் கிழக்கே உள்ள தன்னாட்சிப் பிராந்தியமான ஃபிரியூலிக்கு மாறிவிட்டது. ஒன்பது வருடம் ஆனாலும் நடந்தது.

லவுரின் அரசனும் ஃபானெஸைச் சேர்ந்தவனா?

இல்லை, வேறு கதை, வேறு மலை. லவுரின் குள்ளர்களின் அரசன். ஜெர்மன் இடைக்காலப் பாட்டில் வருபவன். ரோசன்கார்ட்டன் மலையில் அவனுக்கு ஒரு ரோஜாத் தோட்டம். மறைய வைக்கும் போர்வை, பன்னிரண்டு ஆள் பலம் தரும் இடைக்கச்சை எல்லாம் உண்டு. வெரோனாவின் தீத்ரிஹ் அவனைத் தோற்கடித்துப் பிடித்துப் போகும்போது, தன்னைக் காட்டிக்கொடுத்த ரோஜாக்களைத் திரும்பிப் பார்த்து, 'பகலிலும் இரவிலும் யார் கண்ணிலும் படாதே' என்று சபித்தானாம். அந்தி வேளையை மறந்துவிட்டான். அதனால்தான் சூரியன் மறையும்போது அந்தப் பாறை முழுக்க ரோஜா நிறம் வருகிறது. லடினில் அதற்கு என்ரோசதிரா என்று பெயர். முதலில் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் சிவப்பு, ஊதா, சட்டென்று சாம்பல். வெளிறிய டோலோமைட் கல் அந்தி வெளிச்சத்தை அப்படியே திருப்பி வீசுவதுதான் காரணம்.

இந்தக் கதையும் அரசியலுக்குத் தப்பவில்லை. 1907-ல் போல்சானோவில் ஒரு நீரூற்றுச் சிலை வைத்தார்கள்: தீத்ரிஹ் லவுரினை மல்லாத்தி அமுக்குகிறான். ஜெர்மன்காரன் லத்தீன்காரனை மிதிப்பதாக இதைப் பார்த்த பாசிஸ்டுகள் 1933-ல் சிலையைப் பெயர்த்தார்கள். அது ரொவெரெத்தோ நகரத்துக்குப் போனது. 1990-களில் பெரிய சச்சரவுக்குப் பிறகு திரும்பி வந்து, இப்போது மாகாண அரசுக் கட்டடத்தின் முன்னால் இருக்கிறது. குள்ளன் இன்னும் கீழேதான் கிடக்கிறான்.

கொடியில் என்ன நிறம்?

மேலே நீலம், நடுவில் வெள்ளை, கீழே பச்சை. வானம், பனி, புல்வெளி.

வெள்ளி எக்காளத்துக்குக் காத்திருப்பது எங்கே?

பிரையெஸ் ஏரியில். ஏரியின் தெற்குக் கோடியில் நிமிர்ந்து நிற்கும் மலைக்கு லடினில் சாஸ் த்லா போர்த்தா, கதவுப் பாறை என்று பெயர். வருடத்தில் ஓர் இரவு அந்தக் கதவு திறக்குமாம். முதிய அரசியும், மார்மோட்டுகளிடம் வளர்ந்த லுயாந்தாவும் படகில் வந்து ஏரியைச் சுற்றுவார்கள். எக்காளம் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

பகலில் போனால் வேறு படகுகள். மரத்தாலான படகுத்துறை, வாடகைத் துடுப்புப் படகு, போட்டோவுக்கு வரிசை. கோடையில் காரில் போக முன்பதிவு வேண்டும். விடிகாலையில் போய்விட்டால் மட்டும் ஏரி கொஞ்சம் அரசியுடையது போல இருக்கும்.

ஃபானெஸுக்கே போய்ப் பார்க்க வேண்டுமென்றால்?

பதியா பக்கத்திலிருந்து பெதெரூ என்ற இடம்வரை வண்டியில் போகலாம். அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம் ஏற்றம்; 500 மீட்டர் உயரம். நடக்க முடியாதவர்களுக்கு ஜீப் உண்டு. மேலே லவரெல்லா, ஃபானெஸ் என்று இரண்டு மலை விடுதிகள், சூப்பும் படுக்கையும் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை நல்ல காலம்.

விடுதிகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், படிப்படியாக அரைவட்டத்தில் இறங்கும் பாறை வரிசை ஒன்று இருக்கிறது. இயற்கை செதுக்கியது, ஆனால் ஆட்கள் உட்கார்வதற்கென்றே கட்டியது போலிருக்கும். ஊர்க்காரர்கள் அதை மார்மோட்டுகளின் பார்லிமென்ட் என்கிறார்கள். சத்தம் போடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால், எதிர்ப் படியில் ஒரு உறுப்பினர் எழுந்து நின்று விசில் அடிப்பார். பிஸ்கட் போடாதீர்கள், குளிர்காலத் தூக்கத்துக்கு அது கெடுதல்.